'போ' என்றால் வரும் நாய்

போன வாரம் பக்கத்து வீட்டுச் சேகர் கையில் ஒரு படத்தோடு வேலியோரம் வந்து நின்றான். செனாவாங் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை செய்கிறவன். வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளை யாரோ தள்ளிக்கொண்டு போனதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை.

"அங்கிள், இந்த நாயைப் பாருங்க லா. புல்மாஸ்டிஃப். கன்னுக்குட்டி சைஸ்! வாசல்ல கட்டிட்டா எவன் வருவான்?"

"நீ நைட் ஷிப்ட் போனா அதை யாரு பார்த்துக்குவா?"

"கோமதி இருக்கால்ல?"

கோமதி அவன் மனைவி. நிறைமாதக் கர்ப்பிணி. உள்ளேயிருந்து பதில் வந்தது: "என்னையே யாராச்சும் பார்த்துக்கணும். இதுல கன்னுக்குட்டி வேறயா?"

சேகர் குரலைத் தணித்தான். "நீங்க எஸ்டேட்ல இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தீங்களாமே. நம்ம வீட்டுக்குச் சரிப்படுமா?"

தெரிந்ததைச் சொன்னேன். ஒட்டி ஒட்டிக் கட்டிய இந்த டெரஸ் வீட்டு வாசல் அதற்குப் புரண்டு படுக்கக்கூடப் போதாது. நம் ஊர் வெயிலில் மூச்சு வாங்கும். தீனி கட்டுப்படியாகாது. எச்சில் ஒழுகும் — சுவர், சட்டை, சோபா எதுவும் தப்பாது. எல்லாம் சொன்னேன்... முக்கியமான ஒன்றைத் தவிர.

எழுபதுகளில், சிரம்பானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. ஆபீஸ் கணக்கு என் பொறுப்பு. ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை தன் புல்மாஸ்டிஃபை என்னிடம் விட்டுப் போனார். அதன் பெயருக்குப் பிரெஞ்சில் 'அழகன்' என்று அர்த்தமாம். துரை வாயில் அது எப்படியோ ஒலிக்கும். நம் வாயில் வந்தால்... 'போ'!

சிரிக்காதீர்கள். நாங்களும் முதலில் சிரித்தோம். என் மனைவி சோற்றை வைத்துவிட்டு "போ... போ..." என்பாள். ஓடி வரும், வால் பட்டு வாளி உருளும். இடி இடித்தால் அவள் சேலைக்குப் பின்னால் ஒளியப் பார்க்கும் — அந்த உடம்பு எங்கே ஒளியும்? தவழ்ந்துகொண்டிருந்த எங்கள் மகள் அதன் வயிற்றில் தலை வைத்துத் தூங்குவாள். அவள் எழுந்திருக்கும்வரை அது அசையாது.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஜனங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவ்வளவு பெரிய நாய் எழுந்து நின்றால் யாராக இருந்தாலும் என்ன சொல்வார்கள்? "போ! போ!" யாரோ ஆசையாகக் கூப்பிடுகிறார்கள் என்று அது ஓடி வரும். அவர்கள் இன்னும் சத்தமாகக் கத்துவார்கள். அது இன்னும் வேகமாக வரும்.

"ஏங்க, அதோட பேரே அதுதான்னு லயத்துல சொல்லி வைங்களேன்" என்றாள் மனைவி. "இல்லாட்டி பேரையாச்சும் மாத்துங்க."

நான் சொல்லவில்லை. மாற்றவும் இல்லை. ஏன்? முன்பெல்லாம் சமையல்கட்டுவரை வந்து பேசியவர்கள், நாய் வந்தபிறகு கேட்டுக்கு வெளியே நின்று "கிராணியையா..." என்று கூப்பிட்டுக் காத்திருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

ஒரு நாள் சாயங்காலம், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பாக்கியம் கேட் திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்துவிட்டாள். நாய் எழுந்தது. அவள் "போ! போ!" என்றாள். ஓடிப்போய் முன்னங்கால்களை அவள் தோளில் போட்டது. விழுந்ததில் அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. பால் வெட்டிப் பிழைக்கிற கை!

லயமே கொதித்தது. புது மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். கட்டுப்போட்ட கையோடு பாக்கியம் சொன்னாள்:

"கடிக்கல தொரை. போ போன்னுதான் சொன்னேன்... மேல வந்து விழுந்துடுச்சு."

'அவள் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்' — நான் இந்த ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நாய் பிழைத்துவிடும். ஆனால், தெரிந்தும் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வருமே?

"கொஞ்ச நாளாகவே வெறி பிடித்த மாதிரி இருக்கிறது, சார்" என்றேன்.

வெறி என்றால் துப்பாக்கிதான். காவல்காரர், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டுக்குப் பின்னால் காத்திருந்தார். நான்தான் கயிற்றைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் என் தொடையில் சாய்ந்தபடியே நடந்து வந்தது.

அங்கே போனதும் மனம் தாங்கவில்லை. கயிற்றை அவிழ்த்தேன். எங்காவது ஓடிப் பிழைக்கட்டும் என்று கையைத் தட்டி விரட்டினேன். ரப்பர் மரங்களுக்குள் கொஞ்ச தூரம் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தது.

"போ! போ!" என்று கத்தினேன்.

வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தது.

நாயைச் சுட்ட சேதி கேட்டு முதலில் அழுதவள் பாக்கியம்தான். "கடிக்கலைன்னுதானே சொன்னேன், ஐயா..." என்றாள்.

நேற்று சேகரைக் கூப்பிட்டு இதையும் சொன்னேன். ஊர் பயப்பட வேண்டும் என்று நாய் வளர்க்காதே, அந்தப் பயம் கடைசியில் நாயின் தலையில்தான் விடியும் என்றேன்.

"அடுத்து வாங்குற மோட்டாருக்கு நல்ல செயினா ஒண்ணு போட்டுக்கிறேன், அங்கிள். ஷிப்டுக்கு நேரமாச்சு... கிளம்பட்டுமா?"

"போயிட்டு வா" என்றேன். வெறும் 'போ' சொல்லி யாரையும் அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லாதது எவ்வளவு நல்லது!