திரும்ப முடியாத இடத்துக்கு ஒரு செய்தி

ஒவ்வொரு மாதமும் முதலாவது சனிக்கிழமை காலை ஒரு வெள்ளைக்காரப் பெண் நியூசிலாந்தில், ஹில்ஸ்பரோவிலிருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து, எனக்கு எவ்வளவு கவலை என்று கேட்பாள். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். கவலையே இல்லையென்றால் ஒன்று, தாங்க முடியாவிட்டால் ஐந்து. கவலையை விசாரிக்க ஆள் தேடி வருவதே எனக்குப் புதுமை. அதற்கு எண் கேட்பது அதைவிடப் புதுமை. நான் எப்போதும் மூன்று என்பேன். மூன்று என்றால் ஒருவருக்கும் தொந்தரவில்லை.

அவள் பெயர் ஹெலன். உளவியல் படித்தவள். என் கணவர் அன்ரன் அந்த வருடம் அந்தாட்டிக்காவில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர்களைப் பார்த்தவர். எரிபொருள் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில்கூட அவற்றை ஓட வைத்தவர். பனிக்கண்டத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் டீசல் எஞ்சின்களைக் குளிர்காலம் முழுவதும் பராமரிக்க ஆள் தேவை என்று பேப்பரில் கண்டு விண்ணப்பித்தார். கிடைத்துவிட்டது. கோடை முடிவில் கடைசி விமானம் திரும்பிவிட்டால் ஆறு மாதத்துக்கு எவரும் போகவும் முடியாது, வரவும் முடியாது. பதினொரு பேர், சூரியன் எழாத இருட்டு, வெளியே கொல்லும் குளிர். செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதரை அனுப்ப நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஒத்திகை இல்லையாம். அங்கே அடைபட்டவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள், வீட்டில் காத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஹெலனின் குழு ஆராய்ந்தது. எங்கள் ஊரில் செவ்வாய் கலியாணத்தைக் குழப்பும் என்று அயலில் சாதகம் பார்ப்பவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்களைப் போன்ற வேதக்காரர், கிறிஸ்தவர் வீட்டிலும் அது புருசனைப் பிரித்து வைக்கும் என்று எவரும் சொல்லவில்லை.

முதல் நாள் அவள், "நீங்கள் ஐசோலேட்டட் ஆக இருப்பதாக உணர்கிறீர்களா?" என்று கேட்டாள். என் காதில் இன்சுலேட்டட் என்று விழுந்தது. சுவருக்குக் குளிர்காப்புப் போட்டிருக்கிறதா என்று கேட்கிறாள் என நினைத்தேன். "இல்லை, வீட்டுச் சொந்தக்காரர் இன்னும் செய்து தரவில்லை. சுவரெல்லாம் ஈரம்" என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். பிறகு விளங்கி இருவரும் சிரித்தோம். அடுத்த மாதம் தன் வீட்டிலிருந்து ஒரு ஹீட்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அது ஆராய்ச்சிக்குள் அடங்காது என்று நினைக்கிறேன்.

அவளுடைய தாளில் ஒரு கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. வீட்டில் ஒரு துயரம் நடந்தால், திரும்பி வர வழியில்லாதவருக்கு அதைச் சொல்ல வேண்டுமா? செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு இது நிச்சயம் நேருமாம். "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அவள் அந்த இடத்தை வெறுமையாக விட்டாள்.

ஞாயிறுகளில் அன்ரன் பத்து நிமிடம் தொலைபேசியில் கதைப்பார். ஜூலையில் அதையும் நிறுத்தினார்கள். செவ்வாயிலிருந்து ஒரு சொல் பூமிக்கு வந்து சேர இருபது நிமிடம்கூட ஆகலாம் என்பதால், அந்த மாதம் பதிவு செய்த பேச்சு மட்டும்தான். நான் பேசியது அவருக்குத் தாமதித்துப் போகும். அவருடைய பதில் தாமதித்து வரும். எங்கள் ஆறு வயது டிலானி கருவிக்கு முன்னால் ஆங்கிலத்தில் ஒரு பாட்டுப் பாடிவிட்டு, அப்பா கைதட்டுவார் என்று காத்திருந்து, அழுதாள்.

அந்த மாதத்தில்தான் கனடாவிலிருந்து மச்சாள் மேரி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அன்ரனின் அண்ணர் சேவியர் போய்விட்டார். சண்டையில் இடம்பெயர்ந்து போன இடத்தில் காய்ச்சல், மருந்து கிடைக்கவில்லை. இது நடந்து மூன்று வாரமாம். தகப்பன் இல்லாத வீட்டில் அன்ரனைச் சைக்கிள் பாரில் இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.

செய்தி கேட்டு மறுநாள், அதே நகரத்துப் பக்குரங்காவிலிருந்து அன்ரனின் பெரியம்மா மகன் ஜெயம் அண்ணை ஓடி வந்தார். "தங்கச்சி, இப்ப ஒண்டும் சொல்லாதையும். அவன் அங்கையிருந்து என்ன செய்யிறது? நடந்தோ வரப்போறான்? வந்தாப்பிறகு ஆறுதலாச் சொல்லுவம்."

அவர் அன்பினால்தான் சொன்னார். என் வீட்டிலும் அன்பினால்தான் செய்தார்கள். டிலானி வயிற்றில் இருந்தபோது என் ஐயா, என்னைப் பெற்றவர், யாழ்ப்பாணத்தில் இறந்தார். பிள்ளைத்தாச்சி, வெளிநாட்டில் தனியே இருக்கிறாள், தாங்கமாட்டாள் என்று இரண்டு மாதம் மறைத்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் நான் ஐயாவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். குழந்தை உதைக்கிறது என்று எழுதினேன். கண்ணாடியை மாற்றச் சொல்லி எழுதினேன். அவற்றையெல்லாம் ஊரில் என் தங்கச்சி வாசித்து அழுது மேசை லாச்சிக்குள் வைத்தாளாம். ஐயா இறந்த துக்கம் ஒருவாறு ஆறிவிட்டது. அந்த மூன்று கடிதங்களின் வெட்கம் இன்னும் ஆறவில்லை.

"இல்லை அண்ணை, நான் சொல்லப் போறன்" என்றேன். ஜெயம் அண்ணை தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஹெலனுக்குத் தொலைபேசி எடுத்தேன். விக்கி விக்கி ஆங்கிலத்தில் சொன்னேன். பதிந்து அனுப்பு, விதி அது என்பாள் என்று பயந்திருந்தேன். அவள், "ஆராய்ச்சி கிடக்கட்டும். நாளைக் காலை நேரே பேசுவீர்கள். நிலையப் பொறுப்பாளர் அவர் பக்கத்தில் இருப்பார்" என்றாள். சொன்னபடி மறுநாள் வந்து, நான் பேசி முடியும்வரை டிலானியைக் கூட்டிக்கொண்டு வெளியே நின்றாள்.

"இஞ்சருங்கோ," என்றேன். "சேவியர் அண்ணை மோசம் போயிட்டார்."



"எப்ப?"

"மூண்டு கிழமையாம்."

"உமக்கு எப்ப தெரியும்?"

"முந்தநாள் பின்னேரம்."

"முந்தநாளோ…" என்று ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சில்தான் நான் செய்தது சரி என்று எனக்குத் தெரிந்தது. "எங்கை அடக்கம் செய்தவை?"

"அவை இருந்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை. ஒரு சுவாமியார் வந்து செபம் சொன்னவராம்."

"சுவாமியார் வந்தவரோ. சரி. அது போதும்." பிறகுதான் அழுதார். நான் தொலைபேசியை வைக்கவில்லை. பத்து நிமிடம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அன்று நிலையத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அன்ரன் திரும்பி வந்துதான் சொன்னார். பதினொரு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்றார்களாம். மாவோரி தச்சர் ஒருவர் தன் மொழியில் செபம் சொன்னார். இவர் தமிழில் சொன்னார். சமையல்காரர் நிலையத்தில் மிஞ்சியிருந்த கடைசி எலுமிச்சம்பழத்தை இவருடைய தேத்தண்ணிக்குள் பிழிந்துவிட்டார். பிறகு இவர் எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டார். அது நின்றால் அத்தனை பேரும் விறைத்துப் போவார்கள்.

ஹெலன் கடைசியாக வந்தபோது அந்த வெறும் இடத்தில் "சொல்ல வேண்டும்" என்று எழுதச் சொன்னேன். "உடனே. பக்கத்தில் ஒருவரை இருக்க வைத்துவிட்டு." அப்படியே எழுதிக்கொண்டாள்.

அன்ரன் வந்து சில நாட்களில் கனடாவிலிருந்து சேவியர் அண்ணையின் நினைவு அட்டை வந்தது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரைத் தற்காலிக வசிப்பிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, சகோதரர் பெயர்களையும் அவரவர் நாட்டையும் அச்சடித்திருந்தார்கள். மேரி, கனடா. யோசெப், ஜெர்மனி. கடைசியில், அன்ரன், அந்தாட்டிக்கா.

"மச்சாள் பிழையாக் குடுத்திட்டா," என்றேன். "நியூசிலாந்து எண்டெல்லோ போட்டிருக்க வேணும்."

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "இல்லை, சரியாத்தான் போட்டிருக்கு," என்றார். "அண்ணை போகேக்கை நான் அங்கைதானே நிண்டனான்."

அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினார். ஆங்கிலத்தை மட்டும் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்த டிலானி அதன் முன்னால் நின்று, தமிழ் எழுத்துகளின்மேல் விரலை ஓட்டி, "விச் ஒன் இஸ் அஸ், அப்பா?" என்று கேட்டாள். அன்ரன் அவளைத் தூக்கிக் கடைசி வரியைக் காட்டினார்.