பொடி அக்காவின் மோதிரம்

எங்கள் தெருவில் அவளைப் பொடி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சுரங்கக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் கல்லை அரைத்து மாவாக்குவது அவள் வேலை. சாயங்காலம் புருவம் வரை வெளுத்துப்போய்த்தான் வீடு திரும்புவாள். "என்னக்கா, இன்னைக்கும் பவுடர் தூக்கலா இருக்கே?" என்று வம்பிழுப்பேன். "உனக்கும் ஒரு பொட்டலம் கொண்டு வரட்டுமா?" என்பாள்.

வேலை என்று வந்தால் அவள் ஒரு பைத்தியம். அரைக்கும் கிண்ணத்தில் துளி பொடி ஒட்டியிருக்கக் கூடாது. பிரஷ் நுழையாத மூலையில் விரலை விட்டு வழித்தெடுப்பாள்.

மழைக்கு முன்னால் எங்கள் தெருவுக்குப் பின்புறம் கம்பெனிக்காரர்கள் தங்கம் தேடித் துளை போட்டார்கள். மூங்கில் பருமனில் உருளை உருளையாகக் கல் வந்தது. அதை நெடுக்காக அறுத்து, ஒரு பாதியை அரைக்க அனுப்புவார்கள். மறு பாதியைப் பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். மூன்றாவது வாரம் தலையில் இடி விழுந்தது. ஒரு கல்லில் தங்கம் இருக்கிறதாம். நாற்பத்திரண்டு வீட்டையும் காலி செய்ய வேண்டுமாம்.

அன்றே அக்காவோடு பேச்சை நிறுத்தினேன். கம்பெனிக்காரிதானே என்ற ஆத்திரம். அந்த நாற்பத்திரண்டில் அவள் வீடும் ஒன்று என்பது என் மரமண்டையில் ஏறவே இல்லை.

அவளுக்கோ வேறு கவலை, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கூடத்துக்குள் நகை போடக் கூடாது என்பது விதி. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு விரல் பருத்து, கல்யாண மோதிரம் கழலவே இல்லை. தினமும் அதன்மேல் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு போவாள். எங்கள் தெருக் கல்லை அரைத்த அன்று பிளாஸ்திரி நழுவிவிட்டது. கிண்ணத்தை வழித்து முடித்த பிறகுதான் பார்த்தாள், மோதிரத்தில் புதிதாக ஒரு கீறல். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அந்தக் கீறலளவு தங்கமே, கல்லில் தங்கம் இருப்பதுபோல் காட்டிச் சோதனையை ஏமாற்றிவிடும்.

காலி செய்யச் சொன்ன மறுநாள் அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரித்தார்.

"உங்க வீடு அந்தத் தெருவுலதானே இருக்கு?"

"ஆமா சார்."

"அப்போ இப்படித்தான் சொல்வீங்க."

பதினோரு வருடத்தில் அங்கே யாரும் அவளைப் பொய்க்காரி என்றதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்ததாம். ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை.

"என்னை நம்ப வேணாம் சார். மறு பாதி பெட்டியில இருக்கு. வேற யாரையாவது அரைக்கச் சொல்லுங்க. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

நாலு நாள் கழித்து, மத்தியானமே வீடு திரும்பினாள். தெருமுனையில் கூடியிருந்தவர்களிடம், "மறு பாதியில ஒண்ணுமே இல்லையாம். நம்ம தெருவைத் தோண்ட மாட்டாங்க" என்றாள். அவ்வளவுதான், கட்டிய மூட்டைகளை அவிழ்க்க ஆளாளுக்கு ஓடினார்கள்.

நான் மட்டும் நின்றேன். "நீ ஏன்க்கா இந்நேரத்துக்கே வந்துட்டே?"

அவள் மோதிரக் கதையைச் சொன்னாள். "தப்பு என்னோடதுதானே. இனிமே வர வேணாம்னுட்டாங்க."

இவளோடு போய்ப் பேச்சை நிறுத்தினேனே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட வேலை போனதை இன்னும் சொல்லல. தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வர்றியா?" என்றாள்.

என்னைப் போய்க் கேட்டாள். செருப்பைக்கூட மாட்டாமல் அவளோடு நடந்தேன்.