மூலை வீட்டுக்கு இரண்டு பக்கம்

ஓட்டுநர் பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறவர் அவர். அதனால் தெருவுக்கே அவர் 'பிரேக் மாமா'. மழைச் சேற்றில் அவர் மனைவி வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட பிறகு, தெருவுக்குத் தார் ரோடு வாங்காமல் விடுவதில்லை என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தார். வீடு வீடாக ஏறி மனுவில் கையெழுத்து வாங்கினார்.

மூலை வீட்டுத் தையல்காரம்மா மட்டும்தான் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "செலவு யாருதுண்ணே?"

"நகராட்சி போடுற ரோடு. நமக்கென்னம்மா செலவு?"

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். அவர் வார்த்தைக்காகவே அவள் கையெழுத்துப் போட்டாள்.

ரோடும் வந்தது, பளபளவென்று. பின்னாலேயே நோட்டீசும் வந்தது. செலவில் பாதி வீட்டுக்காரர்களுடையதாம். தெருவைப் பார்த்த மனை நீளத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டுமாம். பிரேக் மாமாவின் வீடு தீப்பெட்டி மாதிரி ஒடுக்கம், பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடலாம். தெரு திரும்புகிற இடத்தில் இருந்த மூலை வீட்டுக்கோ முன்பக்கம் ஒன்று, நீளமான பக்கவாட்டுச் சுவர் ஒன்று என்று இரண்டுக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். தொகை அவர் வீட்டுக்கு வந்ததைப்போலப் பல மடங்கு.

மறுநாளே தையல்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனார்.

"அந்தப் பக்கம் இவங்களுக்கு வாசலே கிடையாது சார். வெறும் சுவரு."

"விதி அளவைத்தான் பாக்கும், வாசலைப் பாக்காதுங்க" என்றார் அதிகாரி. கத்தவில்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார். சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

"ரோடு கேட்டது நான் சார். இவங்க இல்ல."

"மனுவுல அவங்க கையெழுத்தும் இருக்கே. ரோடு போடுறதுக்கு முன்னாடியே ஆபீஸ் போர்டுல ஒட்டி ஆட்சேபணைக்கு நாள் குடுத்தோம், அதுவும் முடிஞ்சுபோச்சு."

திரும்பி வரும் வழியில் பாதியைத் தான் கட்டுவதாகச் சொன்னார்.

"எதை வச்சு கட்டுவீங்க? அண்ணி முட்டி ஆபரேஷனுக்கு வாங்குன கடனே இன்னும் தீரலன்னு அண்ணி சொன்னாங்க. விடுங்கண்ணே" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவள் தையல் கடை நடத்திய முன் அறையைச் செல்போன் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டாள். அவன் கொடுத்த அட்வான்ஸ் அப்படியே நகராட்சிக்குப் போயிற்று. மிஷின் உள் அறைக்கு நகர்ந்தது. கடை எங்கே என்று தெரியாமல் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பிரேக் மாமாவின் மனைவி இப்போது ஊன்றுகோலை வைத்துக்கொண்டு தெருமுனை வரை தாராளமாக நடக்கிறாள். "நீங்க அலைஞ்சதுக்குப் பலன் கெடச்சிருச்சு பாருங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவர் தலையாட்டிவைப்பார்.

ஒருநாள் ஒரு டியூப்லைட்டை வாங்கிக்கொண்டு மூலை வீட்டுக்குப் போனார். உள் அறையில் அவள் ஊசித் துளையைக் கண்ணருகே பிடித்து நூலோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

"இதை மாட்டிட்டுப் போறேம்மா. பகல்லயே இருட்டா இருக்கு."

"கரண்டு பில்லையும் நீங்களே கட்டிருவீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். இதற்குள் துணிப்பையோடு ஒரு பெண் வாசலில் தயங்கி நின்றாள்.

"வாங்க, வாங்க, கடை இங்கதான்" என்று அவசரமாக எழுந்த தையல்காரம்மா, "கொஞ்சம் வழி விடுங்கண்ணே" என்றாள்.

அவர் டியூப்லைட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார்.