பதினோராம் நம்பர் கம்பி

அப்புத்தளை டவுனில் பஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே என் தையல் கடை. உள்ளே ஒரு பக்கம் தையல் மெஷின். இன்னொரு பக்கம் நாலு கால் வைத்து, கீழே மூன்று மிதி, மேலே பத்துக் கம்பி இழுத்துக் கட்டிய ஒரு சாமான். அதை அயர்ன் பண்ணுகிற மேசை என்று நினைத்துச் சேலையை மடித்து மேலே வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. கிட்டார் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெரகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா, "கிட்டாருக்கு எதுக்கும்மா மிதி? மலையேறவா?" என்று கேட்டார். சிரிக்கத்தான் கேட்டார். ஆனால் அதைவிடச் சரியாக அதைப் பற்றி யாரும் சொன்னதில்லை. மிதித்தால் சுருதி மேலே ஏறும். விட்டால் இறங்கும். இடது கையில் ஒரு இரும்பு உருளையைக் கம்பி மேல் வழுக்கவிட்டு, வலது கையால் மீட்டி, காலால் மிதித்து, முழங்காலாலும் இடிக்க வேண்டும். பெடல் ஸ்டீல் கிட்டார் என்பது அதன் பேர்.

டுபாயில் ஹோட்டல் வேலை செய்கிற என் அண்ணன் கொண்டுவந்தது. அங்கே பாட்டு வாசித்த ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது இவரிடம் விட்டுவிட்டுப் போனாராம். அண்ணனுக்குக் கையும் காலும் ஒத்துவரவில்லை. "நீதான் நாள் பூரா மிதிக்கிறியே, இதையும் சேத்து மிதி" என்று கடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். போனில் பார்த்துப் பார்த்து நானே பழகினேன். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கேலி செய்ய நிறையப் பேர் இருந்தார்கள், அதுவே போதுமாக இருந்தது. அப்புத்தளையிலிருந்து மொனராகலை வரைக்கும் கல்யாண வீட்டில் இதை வாசிக்கிற பொம்பளை நான் ஒருத்திதான். இன்னொருத்தி இருந்தால் சொல்லுங்கள், பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

எங்கள் பாட்டுக் குழுவை நடத்துவது கீபோர்டு வாசிக்கிற தம்பி. நல்ல பிள்ளை, அதிர்ந்து பேசமாட்டார். அவருக்கு என் மேல் வருத்தம் வந்தது மூன்றாம் கம்பியால்தான். அந்தக் கம்பிதான் இதில் ரொம்ப மெல்லியது, ரொம்ப உயரமான சுருதிக்குக் கட்டுவதும் அதைத்தான். ஒரு கல்யாணத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வருகிற நேரத்தில் அது அறுந்து, பாதிப் பாட்டில் நான் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். அடுத்தது மொனராகலைக் கல்யாணம். அங்கே வெயிலில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது, நானும் முறுக்கிக்கொண்டே இருந்தேன். முடிந்ததும் தளர்த்தாமல் அப்படியே பெட்டியில் போட்டு வேனில் ஏற்றிவிட்டோம். மலை ஏற ஏற மூடுபனியும் குளிரும். பெரகலைக்குக் கீழே ஒரு வளைவில் பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். டிரைவர் அண்ணன் வேனை ஓரங்கட்டிவிட்டு ரோட்டில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். டிரம் பேட் வாசிக்கிறவர் ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்தார். எனக்கு விஷயம் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பெட்டியைத் திறந்தார்கள். மூன்றாம் கம்பி சுருண்டு கிடந்தது.

"வேன் நல்லாத்தான் இருக்கு. சத்தம் போட்டது அக்காதான்" என்றார் டிரைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். கீபோர்டுத் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. என் கடை வாசலில் இறக்கிவிடும்போது மெதுவாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க அக்கா. அந்தச் சத்தம் கீபோர்ட்லயே இருக்கு. பதுளைக் கல்யாணத்துல இன்னொரு தடவ பாப்போம். திரும்ப அறுந்துச்சுன்னா, நீங்க எங்களோட வாங்க, பெட்டி வேணாம்."

பெட்டி இல்லாமல் நான் போய் என்ன செய்ய, பந்தியில் உட்காரவா?

பதுளையிலோ பண்டாரவளையிலோ இந்தக் கம்பி எந்தக் கடையிலும் கிடையாது. சாதாரணக் கிட்டார் கம்பியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அண்ணனுக்குப் போன் போட்டேன். ஊருக்கு வந்த ஒருவர் கையில் இரண்டு விதமான செட்டும், மூன்றாம் கம்பி மட்டும் பல கனத்தில் தனித்தனியாகவும் அனுப்பினார். பாக்கெட்டில் 11, 12, 13 என்று கனம் போட்டிருக்கும். நம்பர் ஏற ஏறக் கம்பி மொத்தம். அதுவரை நான் கட்டி அறுத்தது பன்னிரண்டாம் நம்பர்.

அதற்கப்புறம் யோசனை சொல்லாத ஆளில்லை. என் வீட்டுக்காரர் தேயிலைத் தூள் செய்கிற ஸ்டோரில் மெஷின் பார்க்கிறவர். பெல்ட் அறுந்தால் அதைவிட மொத்தமாகத்தான் மாட்டுவோம், நீயும் மொத்தமாகப் போடு என்றார். டிரைவர் அண்ணன் பிரேக் கேபிளை உதாரணம் காட்டினார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. பதின்மூன்றைக் கட்டினேன். மிதிக்கும்போதே கணுக்கால் வலித்தது. ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிற நேரம்கூடத் தாங்காமல் அறுந்தது.

அன்றைக்கு மெஷினில் மெல்லிய சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். ஜீன்ஸ் தைத்த மொத்த நூல் அப்படியே இருந்ததால், சோம்பல்பட்டு அதிலேயே ஓட்டினேன். இரண்டு சாண் போவதற்குள் பட்டென்று அறுந்தது. மெல்லிய ஊசிக் காதுக்குள் மொத்த நூல் உரசி, இழுபட்டு, ஊசியோடு மல்லுக்கட்டியே அறுந்துபோகும். இது தையல் பழகிய முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம். மிதியிலிருந்து காலை எடுக்காமலே திரும்பி மற்றச் சாமானைப் பார்த்தேன். மொத்தக் கம்பியை அதே உயரத்துக்கு ஏற்ற வேண்டுமென்றால் இன்னும் பலமாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் அது கம்பி முடிகிற இடத்தில் இருக்கிற சின்ன உருளை மேல் வளைந்து நிமிர வேண்டும். இத்தனை நாள் நான் ஜீன்ஸ் நூலில் சேலை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

பதினொன்றைக் கட்டினேன். கட்டும்போது விரலுக்கே தெரியவில்லை, அவ்வளவு மெல்லிசு. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது தும்முனாலே அறுந்துருமே புள்ள" என்றார். ஒரு சட்டை முடிந்தால் ஒரு பாட்டு, இன்னொரு சட்டை முடிந்தால் இன்னொரு பாட்டு என்று மிதிமிதியென்று மிதித்தேன். அவர் தும்மியும் பார்த்தார். அறவில்லை.

மிச்சம் இருந்தது கனத்த கம்பிகள். ஒரு செட்டில் அவற்றின் மேல் நிக்கல் சுற்று, மற்றதில் எவர்சில்வர் சுற்று. நிக்கல் பதமாக, கன்னத்தைத் தடவுவது போல இருந்தது. எவர்சில்வர் பளிச்சென்று கேட்டது, ஆனால் உருளை நகரும்போது லேசாகச் சீறியது. எனக்கு நிக்கல் மேல்தான் ஆசை. சட்டை வாங்க வந்திருந்த அந்தக் கொழுந்து அம்மாவிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். முதலாவதைக் கேட்டு, நல்லா அழுவுதும்மா என்றார். இரண்டாவதுக்கு, கரண்டியால சட்டி சுரண்டுற மாதிரி இருக்கு என்றார். அப்புறம் யோசித்து, "ஆனா கல்யாண வீட்டுப் பேச்ச யாரு நிப்பாட்டுறது? அதுக்கு மேல இதுதான் கேக்கும்" என்றார். எவர்சில்வரைப் போட்டேன். சீறாமல் இருக்கக் கையின் கனத்தைக் குறைத்துப் பழகினேன்.

பதுளை நம்ம ஊர் மாதிரி இல்லை, புழுக்கம். முதலிலேயே போய்ப் பெட்டியைத் திறந்து மண்டபத்துச் சூட்டுக்குக் கம்பியைப் பழகவிட்டு, அப்புறம்தான் சுருதி சேர்த்தேன். தம்பி கீபோர்டில் அந்தச் சத்தத்தைத் தட்டி எடுத்து, ஒரு கையை அதன் மேலேயே வைத்திருந்தார். நான் அறுந்தால் அவர் பிடித்துக்கொள்ள. அவர் மேல் தப்பில்லை, நானும் அப்படித்தான் செய்வேன்.

பொண்ணு வாசலுக்கு வந்தது. மிதித்தேன். மூன்றாம் கம்பி ஏறியது, ஏறின இடத்திலேயே நின்றது, நான் காலை எடுத்த பிறகுதான் இறங்கியது. மண்டபத்தில் பின் வரிசைப் பேச்சு அடங்கியதை நான் கேட்டேன். பொண்ணு நடையைக் குறைத்து எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது முறை ஏற்றும்போது தம்பியின் கை கீபோர்டிலிருந்து இறங்கி அவர் மடிக்குப் போனது. பாட்டு முழுக்க அது அங்கேயே இருந்தது. சாப்பாட்டு நேரம் முடியும்வரை வாசித்தேன். ஒரு கம்பியும் அறவில்லை.

மண்டபத்துக்கு வெளியே சாமான் ஏற்றும்போது நான் ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்திக்கொண்டிருந்தேன். தம்பி பக்கத்தில் வந்து நின்றார். என்ன கம்பி போட்டீங்க என்று கேட்டார். பதினொன்று என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார்.

"அடுத்த மாசம் வெலிமடையில ரெண்டு கல்யாணம் இருக்கு அக்கா" என்றார். "அந்த வாரம் தையல் ஒண்ணும் எடுத்துக்காதீங்க. பெட்டிக்கு வேன்ல முன்னாடியே எடம் வச்சிர்றேன்."

உடனே சரி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பெட்டியை மூடிப் பூட்டினேன், சேலையை உதறிச் சரிசெய்தேன்.

"தீபாவளித் துணி நெறையக் கெடக்கு தம்பி, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"அக்கா, அக்கா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சரி என்றேன்.