பிடிபட்ட கப்பலுக்குக் காவல்

காவல் வேலை காலால் செய்யும் வேலை. எட்டு மணி நேரம் நின்றே உழைத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் ரொறன்ரோ நூதனசாலை ஒன்றில் என் அறைக்கு வாய்த்தது ஒரே பொருள்: கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றின் மாதிரி. நம்மவர்கள் எட்டிப் பார்க்காத இடம் என்பதால்தான் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். என்னை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது.

எலும்பு

கண்ணாடி துடைக்க வரும் மரியம்மா அன்ரி மன்னார்க்காரி. பெட்டியருகே இருந்த விளக்க அட்டையை வாசித்துச் சொல்லச் சொன்னார். இங்கிலீசுக்காரன் பிடித்த கப்பல், கிழடானதும் பாய்மரம் கழற்றிச் சிறையாக்கினான், உள்ளே அடைபட்டதும் பிரெஞ்சுக்காரர்தான், அவர்கள் சாப்பாட்டில் மிஞ்சிய ஆட்டெலும்பைச் சீவிச் செய்ததுதான் இந்த மாதிரி என்றேன். அன்ரி துணியைச் சட்டென்று எடுத்துக்கொண்டு சிலுவை போட்டார்.

"ஆட்டெலும்பெண்டு நீர் கண்டனீரோ?"

கொடி

கியூபெக்கிலிருந்து வந்த ஒரு முன்னாள் மாலுமி மீதிக் கதையைச் சொன்னார். பிடித்தவன் கப்பலின் பெயரைக்கூட மாற்றவில்லையாம். பழைய கொடியோடு கடலில் விடுவானாம். நம்முடைய கப்பல் என்று பிரெஞ்சுக்காரர் சந்தோஷமாகக் கிட்ட வருவார்கள். வந்ததும் கொடி மாறும், பீரங்கி வெடிக்கும்.

ஊரில் இலங்கை ஆமி என்னைப் பிடித்து, தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, சந்தியில் இருத்தியது. வரிசையில் வந்த என் ஊர்க்காரர்களைப் பார்த்து நான் தலையாட்டினேன். அடிதாங்காமல் ஆட்டினேன். நான் ஆட்டிக் காட்டியவர்களையெல்லாம் போராளிகளென்று கொண்டுபோனார்கள்.

"கப்பல் என்ன செய்யும், அது வெறும் மரம்தானே?" என்று கேட்டேன். அவர் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பீரங்கிக்கு முன்னால் நின்றவனிடம் அதைச் சொல்லிப் பார்."

கண்

ஒரு ஞாயிறு மத்தியானம் மழைக்கு ஒதுங்கி ஒரு தமிழ்க் குடும்பம் உள்ளே வந்தது. நகரின் கிழக்கே, தமிழர் நிறைந்த வோபர்னில் இருக்கிறார்களாம். பிள்ளைகள் அடுத்த அறைக்கு ஓட, தகப்பன் மட்டும் கப்பலருகே நின்றார். நான் முகத்தைக் காட்டாமல், பெட்டியின் மறுபக்கம் போய்ப் பூட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்தேன்.

அது எவ்வளவு பெரிய மடைத்தனம் என்று நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு, எலும்புப் பாய்கள் என் முகத்தை முழுக்க மூடியிருந்தன. இடைவெளியில் என் கண்கள் மட்டும்தான். அவர் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தார்.

"தம்பி, உம்மட கண்ணை நான் முந்தி எங்கேயோ கண்டிருக்கிறன்."

காவல்காரனுக்குச் சம்பளம் பார்ப்பதற்குத்தான். பார்க்கப்படுவது, சக காவல்காரர்களே, நாம் இலவசமாகச் செய்து கொடுக்கும் வேலை.