முடிச்சுப் போடாத மாலை

தேவராஜா மார்க்கெட்டில் காவேரியின் பூக்கடை எது என்று யாரையும் கேட்க வேண்டாம். பூ வாங்க வந்தவர்கள் பூவை மறந்துவிட்டு எந்தக் கடை வாசலில் ஆஃப்சைடு பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்களோ, அதுதான் அவள் கடை. கை பாட்டுக்கு மல்லிகையை முழம் போடும்; வாய் பாட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ரெஃப்ரி செய்த அநியாயத்தைச் சொல்லும். கோயிலுக்கு நேரமாகிறது என்று தவிப்பவர்கள், "தாயே, முதல்ல பூவைக் குடு, ரெஃப்ரியை அப்புறம் திட்டலாம்" என்று கெஞ்ச வேண்டியிருக்கும்.

பெண்பிள்ளைக்கு எதற்கு ஃபுட்பால் என்று அவளிடம் கேட்ட ஒரே ஆள் அவளுடைய பெரியப்பா. அவர் மகள் கல்யாணத்துக்கு மாலை கட்ட வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். மறுநாளே மனிதர் வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

அவள் கழுத்தை நீட்டியதும் ஒரு கோல்கீப்பருக்குத்தான். குப்புசாமிக்கு வேலை ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியில். உயிர் மட்டும் 'மார்க்கெட் பாய்ஸ்' கிளப்பில். மூட்டை தூக்குகிறவர்களும் வாழைக்காய் மண்டிக்காரர்களும் சேர்ந்து ஆரம்பித்த கிளப் அது. செவ்வந்தி மாதிரி மஞ்சள் பனியன்.

அந்தக் கிளப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. மேட்ச் அன்றைக்குக் காவேரியின் அப்பா செவ்வந்தியில் பெரிய மாலையாகக் கட்டி மைதானத்துக்குக் கொண்டுபோவார். ஆனால் இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட மாட்டார், குஞ்சம் வைக்க மாட்டார். நம் ஆள் கோல் போட்ட பிறகுதான் முடிச்சு. போட்டவன் கழுத்துக்குத்தான் மாலை. ஒருமுறை ஜெயிப்பது நிச்சயம் என்று கடையிலேயே முடிச்சுப் போட்டு எடுத்துப் போய், டீம் மண்ணைக் கவ்வியதிலிருந்து வந்த கட்டுப்பாடு இது. கோல் விழவில்லையென்றால் மாலை அப்படியே திரும்பி வந்து கடை ஆணியில் தொங்கும். அப்பாவுக்குப் பிறகு அந்த வேலை காவேரியிடம் வந்தது. அப்பாவாவது சில சமயம் இளகுவார். இவளிடம் அந்தப் பேச்சே கிடையாது.

அந்த மாலைகளில் பாதிக்கு மேல் ஏறியது ஒரே கழுத்தில்தான். லிங்கப்பன் என்ற பெயரைச் சொன்னால் மார்க்கெட்டில் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பேச வருவார்கள். கொள்ளேகாலத்திலிருந்து வந்த ஒல்லிப்பிச்சான். வலது காலால் பந்தைத் தட்டக்கூடத் தெரியாது, இடது காலுக்கு மட்டும் கண் இருந்தது என்பார்கள். மேட்சுக்குப் போகிற வழியில் கடை முன்னால் நின்று, மாலையின் முனைகளைத் தொட்டுப் பார்த்து, "இன்னிக்கி முடிச்சுப் போட வெச்சிருவனுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். காவேரிக்கு அப்போது தாவணி வயது. சொன்ன சொல்லை அவர் தவறவிட்டது அபூர்வம்.

தவறவிட்ட ஒரு நாள் எழுபத்தாறாம் வருஷத்து ஃபைனல். கடைசி நிமிஷத்தில் அவர் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருப்பதாகச் சொல்பவர்கள் மார்க்கெட்டில் ஏராளம். அவர்களில் பலர் அன்றைக்கு மைதானத்துக்கே வராதவர்கள் என்பது வேறு விஷயம். பெங்களூரில் ஒரு தொழிற்சாலை டீம் வேலை கொடுத்துக் கூப்பிட்டிருந்ததால் மறுநாள் காலையே லிங்கப்பன் பஸ் ஏறிவிட்டார். மாலை ஆணியில் தொங்கிக் காய்ந்தது. கடைசி மேட்சில் அவர் வெறும் கழுத்தோடு போனார் என்பது காவேரிக்கு ஆறவே இல்லை. கல்யாணமான புதிதில் இதையே சொல்லிச் சொல்லி, "நீ என்னைக் கட்டிக்கிட்டியா, அவர் கோலைக் கட்டிக்கிட்டியா" என்று குப்புசாமியே நொந்துபோயிருக்கிறான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் கிளப்பின் ஆண்டுவிழாவுக்கு லிங்கப்பன் வருகிறார் என்ற சேதி வந்தபோது மார்க்கெட் தலைகால் புரியாமல் ஆடியது. ரிட்டையரான பழைய ஆட்டக்காரர்களை வைத்து ஒரு மேட்ச், அதில் அவரும் ஆடுகிறார். அந்த வாரம் முழுக்கக் காவேரியின் கடை வாசலில் கூட்டம் கலையவில்லை. அக்ரஹாரத்திலிருந்து பேங்க் முரளிதரன் தினமும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"கார்னர்லேர்ந்து நேரா கோல் போட்டாரே, நான் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துலேயே இருந்தேன். பந்து வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு போச்சு" என்றார் முரளிதரன்.

"அது மழை மேட்ச் சார். பந்து வளையல, காத்துதான் தள்ளுச்சு" என்றாள் காவேரி.

"காத்தா? காத்துக்கா நீ மாலை போட்டே?"

பக்கத்துக் கடையில் வெற்றிலை விற்கிற சென்னம்மாவுக்குக் கன்னடம்தான் வீட்டு மொழி. தமிழையும் அதே மூச்சில் பேசுவாள். "நம்ம லிங்கப்பா கோல் ஹொடெதா அந்த்ரே, கோல் அடிச்சாருன்னா, நான் வெத்தலைக் கட்டை மேலே வீசிடுவேன். பாதி வெத்தலை மைதானத்துலயே போயிடும். நஷ்டமே தெரியாது" என்றாள். வாய்விட்டுச் சிரித்தார்கள், கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். காவேரிக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. இந்தத் தடவையாவது அந்தக் கழுத்தில் மாலை ஏற வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

சனிக்கிழமை மாலை ஹெப்பாளிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய குப்புசாமி, வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தான். முகம் சரியில்லை.

"லிங்கண்ணன் நம்ம பக்கம் ஆடல. பெங்களூர்லருந்து வேன்ல வர்ற பழைய டீமோட சேர்ந்து வர்றாரு. அவங்களுக்குத்தான் ஆடுவாராம்."

அவருக்கென்று மஞ்சள் பனியன்கூடத் தைத்து வைத்திருந்தார்கள். எல்லாரும் ஆசைப்பட்டார்களே தவிர, யாருக்கு ஆடுவார் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நம் லிங்கப்பன் நமக்கு ஆடாமல் வேறு யாருக்கு ஆடுவார்?

"அப்ப கோல்ல நிக்கப்போறது?" என்று கேட்டாள் காவேரி, பதில் தெரிந்திருந்தும்.

"நான்தான்."

உடனே ஆளாளுக்குக் குப்புசாமியைச் சூழ்ந்துகொண்டார்கள். முரளிதரன் அவன் தோளில் கை போட்டார். "குப்பு, நான் சொல்றதைக் கேளுங்கோ. இது என்ன, சும்மா சிநேக மேட்ச். ஒரே ஒரு கோல் விட்டுக் குடுத்தா குடியா முழுகிடும்?"

"ஹௌது, ஒந்து கோல் பிடு குப்பண்ணா" என்றாள் சென்னம்மா. "அவருக்குக் காலு வேற நோவாம். பாவ அல்வா, பாவம்தானே?"

குப்புசாமி மனைவியைப் பார்த்தான். அவள் சரி என்று தலையாட்டியிருந்தால் விட்டுக் கொடுத்திருப்பானோ என்னவோ. ஆசை அவளுக்கும் தொண்டை வரை வந்தது. பொய் சொல்ல வேண்டாம். ஒரு தலையாட்டல் போதும், நாளைக்கு மாலை ஏறிவிடும். ஆனால் அவள் கையிலிருந்த நாரைச் சட்டென்று கீழே வைத்தாள்.

"விட்டுக் குடுத்த கோலுக்கு நான் முடிச்சுப் போட மாட்டேன். இவர் வேணும்னே விட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுது, மாலையை அங்கேயே பிச்சுப் போட்டுடுவேன். அவர் கோலு அவர் காலுலருந்து வரணும்."

"எதிர் டீம் ஆளு ஆச்சேம்மா. அவர் போட்டாலும் உங்க வழக்கப்படி செல்லுமோ?" என்றார் முரளிதரன்.

"பனியன்தான் சார் வேற. ஆளு நம்ம ஆளு."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எள் போட்டால் கீழே விழாது. வேனிலிருந்து லிங்கப்பன் இறங்கியபோது எழுந்த சத்தத்தில் சுற்றியிருந்த மரங்களில் காக்கை தங்கவில்லை. தலை நரைத்திருந்தது, வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது, முழங்காலில் துணிக்கட்டு. ஆனால் ஓடும்போது இடது தோளைச் சாய்க்கும் அந்தச் சாய்ப்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் காவேரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. செவ்வந்தி மாலை மடியில்; இரண்டு முனைகளும் தனித்தனியாக அவள் விரல்களுக்குள்.

மேட்ச் ஆரம்பித்ததும் கூத்தும் ஆரம்பித்தது. பந்து லிங்கப்பன் காலுக்கு வரும்போதெல்லாம் மார்க்கெட் பாய்ஸ் தடுப்பாட்டக்காரர்கள் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்கள். சாமி ஊர்வலத்துக்குக்கூட அவர்கள் அப்படி ஒதுங்கியதில்லை. காவேரி எழுந்து நின்று கத்தினாள். "மறிங்கடா. எதுக்குடா கும்புடு போட்டுட்டு நிக்கிறீங்க?"

அப்படி ஒதுங்கிய வழியில் லிங்கப்பன் முதல் பந்தை அடித்தார். நல்ல அடி. குப்புசாமி பாய்ந்து அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மைதானம் முழுக்க அவனைத் திட்டியது. சொந்த கோல்கீப்பர் பந்தைப் பிடித்ததற்காகச் சொந்த ஜனமே ஊளையிட்டது அந்த ஊரில் அன்றைக்குத்தான். சென்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனு மாடிதே குப்பண்ணா? உனக்கு இதயமே இல்லையா?"

காவேரிக்கு மட்டும் நெஞ்சு விம்மியது. நிஜமாக ஆடுகிறான். அதே சமயம் பயமும் பிடித்துக்கொண்டது. இவன் இப்படியே ஆடினால் அந்த மனிதர் எங்கே கோல் போடுவார்?

இரண்டாம் பாதியில் லிங்கப்பனுக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றார். வெயில் சாய்ந்துவிட்டது. முரளிதரன் கடிகாரத்தைப் பார்ப்பதும் காவேரியின் மடியைப் பார்ப்பதுமாக இருந்தார். ஒரு கோலும் விழவில்லை.

அப்போது இடது ஓரத்தில், கார்னருக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக, பந்து லிங்கப்பனிடம் வந்தது. காவேரி கத்திய கத்தலோ என்னவோ, இந்த முறை இரண்டு பேர் உண்மையாகவே மறிக்க ஓடினார்கள். அவர் தோளைச் சாய்த்தார். ஒருத்தன் தப்பான பக்கம் போனான். இன்னொருத்தன் வழுக்கி உட்கார்ந்தான். யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து இடது கால் வீசியது. பந்து எழும்பி, வெளியே போகிறது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் உள்ளே வளைந்தது. குப்புசாமி கையை நீட்டிப் பறந்தான். பந்து மேல் கம்பத்தில் பட்டது.

அதே சத்தம்.

பட்ட பந்து இந்த முறை கீழே இறங்கி வலைக்குள் விழுந்தது.

வெற்றிலைக் கட்டுகள் பறந்தன. முரளிதரன் முன்பின் தெரியாத ஒரு மூட்டைக்காரரைக் கட்டிக்கொண்டு குதித்தார். தங்கள் டீம் கோல் வாங்கியதற்குத் தேவராஜா மார்க்கெட்டே எழுந்து ஆடியது. "முடிச்சு, காவேரி, முடிச்சு" என்று நாலா பக்கமும் கூப்பிட்டார்கள்.

அவள் முடிச்சுப் போடவில்லை. மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினாள். லிங்கப்பனைத் தாண்டி ஓடினாள். நேரே கோல் கம்பத்துக்குப் போய்க் குப்புசாமியின் எதிரே நின்றாள்.

அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தடுப்பாட்டக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தான். "வழுக்கி விழுறானாம், வழுக்கி. இவனுக்கெல்லாம் எவன்டா பூட்ஸ் வாங்கிக் குடுத்தான்?" முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து ரத்தமும் மண்ணும் ஒட்டியிருந்தன. காவேரி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"விரல்ல பட்டுச்சா?"

"நகத்துல உரசுச்சு. இன்னும் ஒரு விரல்கடை எட்டியிருந்தா வெளியே தள்ளியிருப்பேன்." குப்புசாமிக்குக் குரல் உடைந்தது. "பிடிச்சிருக்கணும் காவேரி. நான் பிடிச்சிருக்கணும்."

விட்டுக் கொடுத்தவன் இப்படிக் குமுற மாட்டான். பதினேழு வருஷமாகக் காத்திருந்த விரல்கள் அங்கேயே, அவன் கண்ணெதிரே, இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டன. குஞ்சத்தை இழுத்துக் கட்டினாள். ரெஃப்ரி இரண்டு முறை விசில் ஊதிப் பார்த்தார்; கூட்டம் முழுதும் மைதானத்துக்குள் வந்துவிட்டதைப் பார்த்து, மேட்ச் முடிந்தது என்று மூன்றாவது விசிலை ஊதிவிட்டு அவரும் வேடிக்கை பார்க்க வந்தார்.

காவேரி திரும்பி வந்து எதிரே நின்றதும் லிங்கப்பன் தலையைக் குனிந்தார். அவள் மாலையைப் போட்டாள். பெரிய மனுஷர்கள் எல்லாம் மாலை விழுந்த உடனே கழற்றிவிடுவார்கள்; இவர் கழற்றவில்லை. கை நேராகக் கீழே போய், முடிச்சைத் தடவிப் பார்த்து, இழுத்தும் பார்த்தது. அப்புறம்தான் அவர் முகம் மலர்ந்தது.

"அன்னிக்கிக் காலையில பஸ்ஸுக்குப் போறப்ப உங்க கடை வழியாத்தானுங்க போனேன்" என்றார். "மாலை ஆணியில தொங்குச்சு. முடிச்சில்லாம." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "இப்பக்கூட உள்ளுக்குள்ள ஒரே பயந்தானுங்க. குப்பு கிழவனைப் பார்த்துப் பாவம்னு விட்டுட்டானோன்னு. நீங்க என்னைத் தாண்டி அவன்கிட்ட ஓடினீங்க பாருங்க, அப்பத்தான் தைரியம் வந்துச்சு. அம்மணி முடிச்சுப் போட்டாங்கன்னா அது கோலுங்க."

காவேரிக்குப் பேச்சு வரவில்லை. அவளுக்குப் பேச்சு வராததை மார்க்கெட்டில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னாலிருந்து குப்புசாமிதான் முழங்கையை ஊதிக்கொண்டே சொன்னான்: "லிங்கண்ணா, இன்னொரு தடவை அங்கருந்து அடிங்க. பிடிக்கிறனா இல்லையா பாருங்க."

லிங்கப்பன் மாலையோடு பந்தை எடுத்துக்கொண்டு இடது ஓரத்துக்கு நடந்தார்.