நான் விழுங்கிய ஓகாரம்

இருபத்தாறு வருடமாகப் பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று பேசிப் பிழைக்கிறேன். இதில் ஒரே ஒருமுறைதான், நான் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு எதிரில் இருந்தவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கிறார். கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்ற ஊராட்சியில், ஓர் ஓட்டு வீட்டு வாசலில் நடந்தது. தப்பு முழுக்க என்னுடையது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பிரெஞ்சு இலக்கணத்தில் எது கஷ்டம் என்று கேட்டால், நான் அந்த வாசலைப் பற்றித்தான் சொல்கிறேன்.

1. முடிச்சிருக்கோணும்

முதலில் கொஞ்சம் இலக்கணம். பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான்.

பிரெஞ்சில் சப்ஜங்டிவ் என்று ஒரு வினை வடிவம் உண்டு. ஒரு காரியத்தை வெறும் செய்தியாகச் சொல்லாமல், அதைப் பற்றிய பயம், ஆசை, கட்டாயம், சந்தேகம், சந்தோஷம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வந்தால் வினை இந்த வடிவத்துக்கு மாறும். அந்தக் காரியம் நடந்து முடிந்ததாக இருந்தால் சப்ஜங்டிவின் இறந்தகாலம். செய்முறை எளிது. avoir அல்லது être என்ற துணைவினையைச் சப்ஜங்டிவில் போட்டு, பக்கத்தில் முக்கிய வினையின் எச்சத்தை வைக்க வேண்டும். 'முடித்தார்' என்பது a fini. சப்ஜங்டிவில் ait fini. 'இறந்தார்' என்பது est mort. சப்ஜங்டிவில் soit mort. போவது, வருவது, பிறப்பது, இறப்பது மாதிரி சில வினைகளுக்கு être, மற்றதற்கெல்லாம் avoir. வகுப்பில் இதை அரை மணி நேரத்தில் நடத்திவிடுவேன்.

என் பிழைப்பு பெரும்பாலும் மில்களில்தான். பிரெஞ்சு இன்ஜினியர் மெஷின் பூட்ட வருவார், நான் நடுவில் நிற்பேன். ஒருமுறை அப்படி வந்தவர் Il faut que vous ayez fini avant lundi என்றார். "திங்கக்கெழமைக்குள்ள முடிக்கணுமாம்" என்றேன். மேனேஜர் விவரமான ஆள்.

"ஏனுங்க மேடம், திங்கக்கெழம முடிக்கோணுங்கறாரா, அன்னிக்கு அவரு திரும்பி வரும்போதே முடிச்சிருக்கோணுங்கறாரா? ரெண்டும் வேற வேறயாச்சுங்களே."

திரும்பக் கேட்டேன். முடிச்சிருக்கோணும்தான்; ayez fini என்றால் அதுதான் அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஷிப்ட் போட்டார்கள். தொழிலாளர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பிரெஞ்சே தெரியாத மேனேஜருக்கு இருந்த காது எனக்கு இல்லையே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

2. எழுபது வளைவு

எலென் என்ற அம்மையாருக்கு எழுபது வயதிருக்கும். அவருடைய ஒரே மகன் லூக். சிறுதானியம் விளையும் ஊர்களைப் பார்க்க ஆசைப்பட்டுக் கொல்லிமலைக்கு வந்து, ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தவர் ஒற்றையடிப்பாதையில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். எலெனுக்குக் கிடைத்த போலீஸ் காகிதத்தில் 'பாதையோரம் இறந்த நிலையில் காணப்பட்டார்' என்று இருந்தது. அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுத்தவள் நான். அப்படித்தான் அவர் எனக்குப் பழக்கம்.

ஆறு மாதம் கழித்துக் கிளம்பி வந்தார். மகன் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும், அவனை முதலில் பார்த்தவரிடம் பேச வேண்டும். அது பழனியம்மாள் என்று விசாரித்து வைத்திருந்தேன். எலெனுக்கு மறுநாளே திரும்பும் விமானம். எனவே இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான். "நாலு மணிக்கு மேல பனி எறங்கிருமுங்க. அதுக்குள்ள கெளம்பிரோணும்" என்று ஜீப் டிரைவர் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

எழுபது கொண்டை ஊசி வளைவும் என் வயிற்றைப் புரட்டின. பாதியில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன். எலென் இறங்கி வந்து என் முதுகைத் தடவிவிட்டார். மகனைப் பறிகொடுத்தவர் அவர், ஆறுதல் எனக்கு நடந்துகொண்டிருந்தது.

3. கதவு

பழனியம்மாள் வாசலில் சாக்கை விரித்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நாற்காலி எடுத்துப் போட்டார். முகத்தில் கலவரம். லூக் இறந்த அன்று அவரைப் பல பேர் துருவித் துருவி விசாரித்திருக்கிறார்கள். 'நீ எதுக்கு அந்த ஆளு பக்கத்துல போனே' என்று ஊரிலும் ஒன்றிரண்டு பேர் கேட்டார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

எலென் மெதுவாகப் பேசினார். Depuis six mois, j'ai peur qu'il soit mort seul. அவன் தனியாக இறந்துவிட்டானோ என்று ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருக்கிறேன்.

பிரெஞ்சு வாக்கியத்தை இரண்டாக உடைத்துச் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். தலைசுற்றல் வேறு நிற்கவில்லை. யோசிக்காமல் உடைத்தேன்.

"இவங்க மகன் தனியாத்தான் செத்தாருன்னு சொல்றாங்க. அத நெனச்சு ஆறு மாசமா பயமா இருக்குதாம்."

பழனியம்மாள் என்னையே பார்த்தார். "தனியாவா செத்தாருங்கறாங்க?"

"ஆமாங்க."

"அப்பறம் நான் என்னத்தச் சொல்றதுங்க" என்றார். உள்ளே போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

எலென் என் கையைப் பிடித்து, தான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. soit mort என்று அவர் சொன்னதை நான் est mort ஆக்கியிருந்தேன். 'செத்துட்டானோ' என்பதில் கடைசி ஓகாரத்தை விழுங்கிவிட்டேன். அவருடைய பயம் என் வாயில் வந்து குற்றச்சாட்டாகிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

எலெனிடம் உள்ளதைச் சொன்னேன்: உங்கள் வாக்கியத்தை நான்தான் கெடுத்தேன், நீங்கள் எதுவும் தப்பாகச் சொல்லவில்லை. அவர் கோபப்படவில்லை. "போய்ச் சரியாகச் சொல்லுங்கள்" என்றார்.

கதவருகே போய் நின்றேன். "ஏனுங்க, அவங்க அப்படிச் சொல்லலீங்க. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். தனியாச் செத்துட்டானோ, தனியாச் செத்துட்டானோன்னு ஆறு மாசமா மருகிட்டு இருக்காங்க. என்ன நடந்துதுன்னு அவங்களுக்குத் தெரியாதுங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

 உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "செத்துட்டானோன்னா சொன்னாங்க?"

"ஆமாங்க. செத்துட்டானோன்னு."

கதவு திறந்தது.

4. இருந்தீங்களே

பழனியம்மாள் எலெனுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. அவரைப் பார்த்தே பேசினார்.

"தனியாப் போகலீங்கம்மா. எம் மடியிலதான் அந்தத் தம்பி தல இருந்துது. குச்சிக்கெழங்குக் காட்டுல களையெடுத்துட்டு இருந்தோம். பொத்துனு சத்தம் கேட்டுது. ஓடிப் பாத்தா நெஞ்சப் புடிச்சுட்டு உளுந்து கெடக்கறாரு. மத்தவங்கள ஜீப்பு கூட்டியாரச் சொல்லி ரோட்டுக்கு முடுக்கிட்டு நான் அங்கயே உக்காந்துட்டேன். ரெண்டு வாய் தண்ணி குடிச்சாரு. எங்கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. நம்ம பேச்சு அவருக்கு வெளங்காதுன்னு தெரியுமுங்க. இருந்தாலும் பயப்படாத கண்ணு, ஜீப்பு வந்துரும், பயப்படாத கண்ணுன்னு சொல்லிட்டே இருந்தேன். ஜீப்பு வர்றதுக்குள்ள கை தொவண்டு போச்சுங்க. வந்தவங்க பாத்தது அதுக்கப்பறந்தான். அதைய எழுதிட்டுப் போயிட்டாங்க."

 முதலில் எலெனுக்கு வேண்டியதைச் சொன்னேன். Il n'est pas mort seul. அவர் தனியாக இறக்கவில்லை. பிறகு மீதியை, ஒரு சொல் விடாமல். 'கண்ணு' வந்த இடத்தில் மட்டும் தடுமாறினேன். சொந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிற சொல் என்று விளக்கினேன். எலென் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆறு மாதத்து அழுகை.

அழுது முடித்து, பழனியம்மாளின் மிளகு வாசம் அடித்த கையை எடுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்: Je suis heureuse que vous ayez été là.

இதுவும் அதே சப்ஜங்டிவ் இறந்தகாலம்தான். ayez été. நீங்கள் அங்கே இருந்தது எனக்குச் சந்தோஷம் என்பது நேர்ப்பொருள். மகன் செத்த இடத்தில் சந்தோஷம் என்று எப்படிச் சொல்வது? ஓகாரமும் இங்கே ஆகாது. அவர் இருந்தது நிச்சயம், சந்தேகமே இல்லை. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"நீங்க கூட இருந்தீங்களே, அது போதுமுங்க எனக்குன்னு சொல்றாங்க."

"உட்டுட்டு எங்கீங்க போறது?" என்றார் பழனியம்மாள்.

வாக்கியத்தை உடைக்காதீர்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். உடைக்காமல் இந்த வேலை நடக்காது. உடைக்கும் முன், வாக்கியத்தின் இரண்டு பாதியையும் இணைக்கிற que என்ற சொல்லுக்கு அந்தப் பக்கம் இருப்பது செய்தியா, பேசுகிறவரின் மனசா என்று ஒரு மூச்சு நின்று பாருங்கள். பிரெஞ்சு அதை வினையில் காட்டும். தமிழ் சில சமயம் ஓ என்றும் சில சமயம் ஏ என்றும் கடைசியில் ஒட்டவைக்கும். தப்பாகிவிட்டால் இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளுங்கள். நமக்கு அதில் கௌரவம் ஒன்றும் போய்விடாது.

பனி இறங்கிய பிறகுதான் கிளம்பினோம். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். எலென் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தார். Il n'est pas mort seul. இந்தச் சப்ஜங்டிவை எப்போது விடலாம் என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. புத்தகத்தில் அதற்கு நீளமான பட்டியல் இருக்கிறது, நானும் பல வருடம் அதைத்தான் மனப்பாடம் செய்யச் சொன்னேன். இப்போது அந்த ஜீப்பில் கேட்டதைச் சொல்கிறேன். ஆறு மாதமாக அந்த அம்மா வாயில் இருந்த soit போய், est வந்துவிட்டது. பயம் தீர்ந்ததும் விட்டுவிடலாம்.